முப்பது விநாடி அமைதி

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். இது நடந்தது என் கூடப் பிறந்த அக்காவுக்கு. பாதியை அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதியை என் காதாலேயே கேட்டேன். கடைசியில் வருகிற விஷயத்துக்கு நானே சாட்சி.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பல் டாக்டரிடம் பதினோரு வருஷமாக உதவியாளர். அடுத்தவர் வாய்தான் எனக்கு ஆபீஸ். சீழ், சொத்தை, நாற்றம்... எதைப் பார்த்தாலும் கையைக் கழுவிவிட்டு மதியச் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். அக்கா எனக்கு நேர் எதிர். பக்கத்தில் யாராவது சப்புக்கொட்டிச் சாப்பிட்டால் தட்டோடு எழுந்து போய்விடுவாள். அத்தான் டீயை உறிஞ்சிக் குடிப்பதைச் சகிக்க முடியாமல், கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே ஆறவைத்துத்தான் கொடுப்பாள். "உங்க அக்காவுக்கு வாயே இல்லாத மாப்பிள்ளையா பார்த்திருக்கணும்" என்பார் அத்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அக்காவின் பிழைப்பே குரல்தான். நாலு மாடிக் கடை ஒன்றில் பதினாலு வருஷம் அறிவிப்பாளராக இருந்தாள். வழியை மறித்து நிற்கிற வண்டியை எடுக்கச் சொல்லி அவள் ஒரு தடவை சொன்னால் போதும், வண்டிக்காரர் பையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். போன வருஷம் கம்ப்யூட்டர் குரலைப் போட்டுக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தானின் தங்கை தன் துணிக்கடையில் பில் போட வரச்சொன்னாள். அக்கா அதற்குக் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்ட நேரத்தில்தான் ஒலிப்புத்தகம் போடுகிற கம்பெனி ஒன்று கூப்பிட்டது. பன்னிரண்டு அத்தியாயம் உள்ள ஒரு குடும்ப நாவல். வீட்டிலேயே பதிவு செய்து, மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. இல்லையென்றால் துணிக்கடை.

"பில் போடறது கேவலம்னு சொல்லலடி. ஆனா குரலும் போயிடுச்சுன்னா அப்புறம் நான் யாரு?" என்று என்னிடம் கேட்டாள். 

கண்டென்சர் மைக்தான் வேண்டும் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற சாதாரண மைக், வாய்க்கு நேராக வருவதை மட்டும்தான் கேட்கும். கண்டென்சர் அப்படியில்லை. அடுத்த அறையில் ஃபிரிட்ஜ் முனகினாலும் பிடித்துக்கொள்ளும். நல்லதாகப் பார்த்தால் விலையைக் கேட்டதும் மயக்கம் வரும். மலிவாகப் பார்த்தால் பின்னாலேயே இரைச்சல் வரும். அக்கா முதலில் வாங்கியது கம்ப்யூட்டரில் நேராகச் செருகுகிற சின்ன மைக். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. திருப்பி அனுப்பினாள். இரண்டாவதைக் கேட்டுவிட்டுக் கம்பெனியின் சவுண்ட் என்ஜினியர், "பின்னாடி மழை பெய்யுதா மேடம்?" என்றார். அதுவும் போயிற்று.

மூன்றாவது, பழையது. நல்ல கம்பெனி மைக். புதிதாக வாங்கினால் அக்காவால் கனவில்கூட நினைக்க முடியாத விலை. 'ஒருவர் மட்டுமே உபயோகித்தது' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. விற்றது ஐம்பது வயதுப் பெண்மணி. தன் வீட்டு வாசலிலேயே கொடுத்தாள், உள்ளே கூப்பிடவில்லை. மைக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். அந்தப் பையைத் தன் உடம்பில் படாமல், கையை நன்றாக நீட்டிப் பிடித்திருந்தாள். அக்கா அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தாள். குப்பென்று ஒரு நாற்றம். மைக்கின் மேல் மாட்டுகிற கறுப்பு ஸ்பாஞ்சு உறையிலிருந்துதான் வந்தது. ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த வாயைக் காலையில் திறந்தால் வருமே, அந்த நாற்றம். அக்கா உறையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய் ஷாம்பு போட்டு மூன்று தடவை அலசினாள். கடைசியாக அலசிய தண்ணீரும் கொழகொழவென்று இருந்தது என்றாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் மைக்கைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. என்ஜினியரே அசந்துபோனார்.

படுக்கையறைத் துணி அலமாரியின் கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் மைக்கை வைத்தாள். துணி இருந்தால் எதிரொலி வராது. முதுகுப்பக்கம் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அலமாரியின் இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து படிப்பாள். நேரம், மதியம் இரண்டிலிருந்து நாலு. அப்போதுதான் மேல்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். கீழ்வீட்டுத் தையல் மிஷினும் ஓடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படிக்க ஆரம்பிக்கும் முன், ஒன்றும் பேசாமல் முப்பது விநாடி அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் இருமல், நாற்காலிச் சத்தம் என்று எது விழுந்திருந்தாலும் அதை வெட்டிவிட்டு, இந்த அமைதியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுவார்கள். வெறுமையாக விட்டால் கேட்கிறவர் காதுக்கு, திடீரென்று குழியில் விழுந்த மாதிரி இருக்குமாம்.

முதல் நாள், திங்கட்கிழமை, 2.20க்கு அக்கா அந்த அமைதியைப் பதிவு செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பது விநாடி. கம்ப்யூட்டரில் சத்தத்தைக் காட்டுகிற கோடு தட்டையாகத்தான் இருந்தது. சத்தத்தை ஏற்றிக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்கவில்லை. அமைதியில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு இந்த ஒன்றுதான். அந்த முப்பது விநாடியைத்தான் ஒன்பது அத்தியாயத்துக்கும் வெட்டி வெட்டி ஒட்டினாள்.

நாலாவது நாள் உறை ஈரமாக இருந்தது.

தன் எச்சில்தான் தெறித்திருக்கிறது என்று நினைத்து, தன்மேலேயே அருவருப்புப்பட்டாள். கழுவிக் காயவைத்தாள். மைக்கைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த நாள் மறுபடியும் ஈரம். தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறை வாங்கினாள். அதுவும் மறுநாள் ஈரம். கழற்றும்போது விரலோடு மெல்லிய நூல் மாதிரி ஒன்று நீண்டு வந்து அறுந்தது. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

ஆறாவது நாள், 3.05. பதிவு செய்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாக்கியம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால்... ம்ப்ச். ஒட்டிக்கிடந்த உதடு பிரிகிற சத்தம். தன்னுடையதுதான் என்று நினைத்தாள். வாய் காய்ந்தால் இப்படிச் சத்தம் வரும். குரல்காரர்கள் இதற்குப் பச்சை ஆப்பிளில் ஒரு துண்டு கடித்துக்கொள்வார்கள். அக்காவும் கடித்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்பப் படித்தாள். இந்த முறை அந்தச் சத்தத்தோடு மெல்லுகிற சத்தமும் சேர்ந்து வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் உறையை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"நீதான் எதையும் பார்ப்பியே, பாரு. உள்ள என்னவோ கடிச்ச மாதிரி இருக்கு."

"எலி கடிச்சிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அது மனிதப் பல். கீழ் வரிசை. மைக்கைத் தொட்டுக்கொண்டிருக்கிற உள்பக்கத்தில் எப்படிப் பல் படும்? அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எலிதான் என்றே சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை 11.15. என்ஜினியர் போன் செய்தார்.

"மேடம், பக்கத்துல யார் சாப்பிடறாங்க?"

"யாரும் இல்லையே. நான் மட்டும்தான்."

"நீங்க பேசாத இடத்துல கேளுங்க. சத்தத்த ஏத்தி வெச்சுக் கேளுங்க."

"என்ன இருக்கு?"

"முழுங்கற சத்தம். ஒவ்வொரு இடைவெளியிலயும்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு... உங்க குரலவிட அது மைக்குக்குக் கிட்ட இருக்கு."

"எவ்வளவு கிட்ட?"

"மைக்க வாய்க்குள்ள வெச்சிருந்தாத்தான் அப்படிக் கேக்கும். அடுத்த வெள்ளிக்குள்ள வேற அமைதி எடுத்து மாத்திடுங்க மேடம். இப்படியே போனா வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் நாள் எடுத்த முப்பது விநாடியைக் கேட்டாள். சத்தத்தை முழுக்க ஏற்றினாள்.

நாலாவது விநாடி... உதடு பிரிந்தது.

ஒன்பதில்... ஈரமாக எதுவோ புரண்டது.

பதினேழில்... மடக். தொண்டை வழியாக இறங்குகிற சத்தம்.

இருபத்து மூன்றில்... ப.

இருபத்தெட்டில்... ம.

அவ்வளவுதான். ஆனால் அக்கா அந்தப் 'ப'வையும் 'ம'வையும் அடையாளம் கண்டுகொண்டாள். முதல் அத்தியாயத்தின் முதல் வரியில் அதே இடைவெளியில் அந்த எழுத்துகள் வரும். யாரோ அந்த வரியைப் படித்திருக்கிறார்கள். உதட்டைச் சேர்த்தாலே வருகிற எழுத்துகள் மட்டும் வந்திருக்கின்றன. மற்றதெல்லாம் எச்சில்.

அதை அறுநூறு இடத்துக்கு மேல் தன் கையாலேயே வெட்டி ஒட்டியிருக்கிறாள். தன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில்.  வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே மைக்கைத் தெருவில் வீசியிருப்பார்கள். அக்காவுக்கு இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கி இருந்தது. வேறு மைக் வாங்க வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மைக்கை ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாள். புதிதாக முப்பது விநாடி அமைதி எடுத்துவிட்டால் ஒன்பது அத்தியாயத்தையும் சரிசெய்துவிடலாம்.

2.30. ஜன்னலைச் சாத்தினாள். விசிறியை நிறுத்தினாள். இந்த முறை ஹெட்போனை மாட்டிக்கொண்டே பதிவை ஆரம்பித்தாள். மைக் என்ன கேட்கிறதோ அதை அந்தக் கணமே கேட்கலாம்.

வாயை இறுக மூடினாள். மூச்சைப் பிடித்தாள்.

ஒன்று... இரண்டு... மூன்று...

ஒன்றும் இல்லை. கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி. அவ்வளவுதான்.

எட்டு... ஒன்பது...

ம்ப்ச்.

காதுக்குள்ளேயே கேட்டது. எதிரே பார்த்தாள். மைக். புடவைகள். இருட்டு.

மைக்கின் வலைக்கம்பியில் மெல்ல ஒரு பனி படர்ந்தது. கண்ணாடியில் ஊதினால் படருமே, அப்படி. மறைந்தது. மறுபடியும் படர்ந்தது.

அதன் மூச்சு.

மைக்குக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்குள்...

பதினாறு... பதினேழு...

மடக்.

நாற்றம் வந்தது. அந்த நாற்றம்.

எழுந்திருக்க நினைத்தாள். கால் வரவில்லை.

"பெ... வ... வி... வி... வ..."

படிக்கிறது.

அப்போது அவள் வாய்க்குள் எதுவோ நுழைந்தது. உதடு மூடித்தான் இருந்தது. ஆனாலும் நுழைந்தது. குளிர்ந்த, கொழகொழப்பான ஒன்று. அவள் நாக்கின் மேல் படுத்தது.

அசைந்தது.

ஹெட்போனில் ஒரு குரல், சுத்தமாக, திருத்தமாகப் படித்தது.

"பெரியவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்."

பத்தாவது அத்தியாயத்தின் முதல் வரி. அவள் இன்னும் படிக்காத வரி.

படித்தது அவள் குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. 2.50க்கு மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளைக் கீழ்வீட்டுத் தையல்காரி பார்த்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் 5.10க்கு மைக்கை விற்ற பெண்மணிக்குப் போன் செய்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"யாரோடதும்மா இது?"



"என் வீட்டுக்காரரோடது. விளம்பரத்துக்கெல்லாம் குரல் கொடுப்பார். நாக்குல புத்து வந்துது. நாக்கையே எடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறமும் தினம் மத்தியானம் போய் மைக் முன்னாடி உக்காந்துக்குவார். புத்தகத்த வெச்சுப் படிப்பார். ஒண்ணரை வருஷம்." அவள் குரல் இறங்கியது. "அந்தச் சத்தம் எனக்கு அருவருப்பா இருக்கும்மா. கதவச் சாத்திடுவேன். பொண்டாட்டி அப்படி நினைக்கக்கூடாதுதான். நினைச்சேன். அவர் போய் ஒரு வருஷம் ஆகுது."

"திருப்பி எடுத்துக்கறீங்களா? பணம்கூட வேண்டாம்."

அந்தப் பெண்மணி போனை வைத்துவிட்டாள்.

மைக்கை அட்டைப்பெட்டியில் போட்டு, நான்கு பக்கமும் டேப் சுற்றி, என் வீட்டுப் பரணில் ஏற்றினேன். அக்கா கம்ப்யூட்டரை மூடிவைத்தாள். அத்தானின் தங்கைக்குப் போன் செய்து, மாதம் பிறந்ததும் கடைக்கு வருவதாகச் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. 

அந்த வாரம் முழுக்க அவளுக்கு நாக்கு மரத்திருந்தது. எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியவில்லை. அவளுக்கு அப்போது பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாய் கொப்பளித்தாள். "அது இன்னும் என் வாயில இருக்கற மாதிரியே இருக்குடி" என்றாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் எங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, புண் எதுவும் இல்லை என்றார். வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் வெள்ளி. கெடு முடிந்தது. அக்கா எதையும் அனுப்பவில்லை.

அடுத்த திங்கள், காலை 10.40. என்ஜினியர் போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராகி, அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், கலக்கிட்டீங்க! எம்.டி.க்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உங்களுக்குத்தான் வேலை. அடுத்தடுத்து நாலு புத்தகம் வருது."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க அனுப்பின கடைசி மூணு அத்தியாயம் இருக்கே... எச்சில் சத்தம் ஒண்ணுகூட இல்ல. அதுல இருந்த அமைதியத்தான் பழைய ஒன்பதுலயும் ஒட்டிட்டேன். எப்படிப் பண்ணீங்க?"

அவள் ஒன்பதோடு நிறுத்தியவள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு அவள் படிக்கவே இல்லை.

அவர் அனுப்பிய மூன்றையும் என் போனில் கேட்டேன். அக்கா கேட்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டாள். அவள் குரலேதான். அவளுடைய 'ழ', அவளுடைய நிதானம், எல்லாம் அப்படியே. ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். அதில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எப்போது பதிவானது என்று என்ஜினியரிடம் கேட்டேன். ஃபைலிலேயே நேரம் இருக்கும் என்று பார்த்துச் சொன்னார். வியாழக்கிழமை. பத்தாவது அத்தியாயம் ஆரம்பித்தது மதியம் 2.10.

எங்கள் கிளினிக் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அக்காவை நாற்காலியில் சாய்த்தது 2.05. டாக்டர் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதால், 2.10க்கு அவள் நாக்கை வெளியே இழுத்து, துணி சுற்றி, நான்தான் என் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன்.